நாலடிக்காரர் வீட்டு வாசல்

என் அக்காவின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’. தலை மறைந்ததும் ‘நாலடிக்காரர்’. நகராட்சியில் கட்டடப் பிரிவு ஆய்வாளர். வீட்டுக்கு முன்னால் எழுப்பும் சுவர், வேலி, கேட், வண்டி நுழையும் இடத்தில் நிறுத்தும் தூண் எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. தெருவைப் பார்த்த சுவரும் கேட்டும் நாலடிக்கு மேல் போகக் கூடாது. தூண் மட்டும் ஓரடி கூடுதலாக நிற்கலாம். கேட் தெருப்பக்கம் திறக்கக் கூடாது. தெருமுனை வீடு என்றால், திரும்புகிற வண்டிக்காரன் கண்ணை மறைக்கிற எதுவும் முனையில் இருக்கக் கூடாது. மொத்தச் சட்டத்தையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். இந்த மனிதர் அதை வைத்துக்கொண்டு ஒரு முழு ஆயுளையே ஓட்டினார்.

நான் கேட் செய்கிறவன். கடைவீதி முடிகிற இடத்தில் என் வெல்டிங் பட்டறை இருக்கிறது. எனக்கும் அவருக்கும் ஆகாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் என்னிடம் நடுநிலையை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். மேலே ஈட்டி முனை வைத்து அழகாக ஒரு கேட் செய்து கொடுப்பேன். அடுத்த வாரமே அந்த வீட்டுக்காரர் பட்டறை வாசலில் வந்து நிற்பார். “உங்க அத்தான் முனையை அறுக்கச் சொல்லிட்டாருப்பா. நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” நானும் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். கல்லில் நார் உரிக்கலாம், அவரிடம் அரை அங்குலம் உரிக்க முடியாது. நானே செய்த கேட்டை நானே போய் அறுத்துக் கொடுத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று மேற்பார்வை பார்ப்பார். “இன்னும் கொஞ்சம் மச்சான், இன்னும் கொஞ்சம்” என்பார், முடி வெட்டுகிறவரிடம் சொல்வதைப் போல.

லஞ்சம் வாங்குகிறவராக இருந்தாலாவது திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். வேலியே பயிரை மேய்கிறது என்று ஊர் வாய் நிறையச் சொல்லியிருக்கும். இந்த வேலி ஒரு புல்லைக்கூடத் தின்னாது. யார் வீட்டில் காபி கொடுத்தாலும் குடிக்க மாட்டார். தண்ணீர்கூடத் தன் பையில் இருக்கும் பாட்டிலில் இருந்துதான். அப்படிப்பட்ட ஒருவரை நல்லவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், நம் அக்காவைக் கட்டிக் கொடுக்காத வரைக்கும்.

கட்டிக் கொடுத்தவர் எங்கள் அப்பா. அரசு வேலை, கெட்ட பழக்கம் கிடையாது என்று தேடிப் பிடித்து வந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. கல்யாணம் முடிந்து முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா பதறிப்போய், “உள்ள வாங்க மாப்பிள்ளை” என்றார். “கேட்டு வெளிப்பக்கம் திறக்குதே மாமா” என்றார் இவர். அன்று சாயங்காலத்துக்குள் அப்பா கீலை மாற்றி உள்பக்கம் திறக்க வைத்தார். மறுநாள் காலையில் அவரே கேட்டை வேகமாகத் தள்ளி, உள்ளே நிறுத்தியிருந்த தன் சைக்கிளை அப்பாவின் முழங்காலில் சாய்த்தார். அப்பா அதற்காகக்கூட மருமகனை விட்டுக்கொடுக்கவில்லை. “மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளை” என்று முழங்காலில் மருந்து தடவிக்கொண்டே சொன்னார்.

அக்காவுக்கு அப்பா ஒரு வீடும் கொடுத்தார். சின்ன வீடு, அவள் பெயரிலேயே பத்திரம். குறுகலான முகப்பு, பாதிக்கு கேட், மீதிக்குச் சுவர், எல்லாம் கச்சிதமாக நாலடி. உள்ளே நுழைந்ததும் முன் அறை. அதற்கும் வீட்டின் மற்ற பகுதிக்கும் நடுவில் கதவில்லாத ஒரு வளைவு. முன் அறை ஜன்னலோரம் அக்கா தையல் மெஷினைப் போட்டிருந்தாள், வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். ரவிக்கை தைப்பதில் அவளுக்கு அந்தப் பகுதியில் நல்ல பெயர். ஒரே வீட்டில் இரண்டு டேப். அவளுடையது ஆளுக்கு ஆள் வளைந்து கொடுக்கும்.

குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வம்பு வந்தது லாரிக்காரர் வழியாக. பல லாரிகளுக்குச் சொந்தக்காரர், ஆறடி ஆள், குரலும் அதே அளவு. தெருமுனையில் பெரிய வீடு கட்டி, வண்டி நுழையும் இடத்தில் இரண்டு பக்கமும் தூண் எழுப்பினார். தூண் என்றால் தூண் இல்லை, கோபுரம். ஒவ்வொன்றின் தலையிலும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு கல் சிங்கம். நடுவில் நிற்கிற கேட் என் கைவேலை, அதுபோல் இன்னொன்று நான் செய்யவில்லை. அத்தான் ஒரு காலையில் போய் டேப்பைப் பிடித்தார். உயரம் அதிகம், அதுவும் முனையை மறைக்கிறது, எடு என்று நோட்டீஸ். லாரிக்காரர் கவரோடு வந்து பார்த்தார், பிறகு யார் யாரையோ வைத்துப் பேசிப் பார்த்தார், கடைசியில் அத்தான் அலுவலக வாசலில் நின்று குடும்பத்தையே இழுத்துக் கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நகராட்சி ஆட்கள் வந்து தூண்களை இடித்தார்கள். சிங்கங்கள் லாரி ஷெட்டில் டயர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தன.

தூண்கள் போன பிறகுதான் அந்த முனையில் திரும்பி வருகிற சைக்கிள் கண்ணுக்குத் தெரிந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டதால் அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அதன் பிறகு லாரிக்காரர் கத்துவதை விட்டுவிட்டார். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா வீட்டு முன்னால் காரை நிறுத்துவார். இறங்கி வந்து சுவர்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, ஒரு தீக்குச்சியால் பல்லைக் குத்தியபடி உள்ளே பார்ப்பார். ஜன்னல் வழியாகத் தைத்துக்கொண்டிருக்கிற அக்காவைப் பார்ப்பார். பேசமாட்டார், சிரிக்கமாட்டார். நாலடிச் சுவர் சாய்ந்துகொள்வதற்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோல் அவர் மார்புக்குக் கீழே சரியாக வரும். அத்தான் அலுவலகத்திலிருந்து திரும்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அக்கா திரை போட்டாள். திரைக்குப் பின்னால் அவர் நிழல் தெரிந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள், வாசலில் ஒரு ஆள் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அத்தானிடம் சொன்னாள். அவர் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: “தெருவுல நிக்கிறதுக்குத் தடை இல்லையே. பாத்துட்டுப் போறான். பாத்தா என்ன கொறஞ்சுபோகும்?”

அவள் செடி வைத்தாள். சுவரோரமாக நெருக்கி நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, அது சுவருக்கு மேல் ஒரு முழம் தலை நீட்டியதும் அவள் முகத்தில் கொஞ்சம் களை திரும்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அத்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தரியும் கையுமாக, செடியைச் சுவர் மட்டத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தான் பண்றீங்க?”

“உயிர்வேலியும் வேலிதான் மச்சான். விதியில இருக்கு. நம்ம வீட்டுலயே மீறினா ஊருல எந்த முகத்தோட அளப்பேன்?”

ஊருக்குத்தான் உபதேசம் என்று இருக்கிற மனிதர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அப்படி ஒரு மனிதர் எவ்வளவு மேல் என்று அன்றைக்கு நினைத்தேன். கையில் ஸ்பேனர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

மறுநாள் சாயங்காலம் லாரிக்காரரைப் பிடித்தேன். வெட்டின செடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். “பொம்பளை இருக்கிற வீட்டை இப்படிப் பாக்கறீங்களே, வெக்கமா இல்லை?” என்றேன்.

அவர் திரும்பக்கூட இல்லை. “ரோட்டுல நிக்கிறேன் தம்பி. ரோடு உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? உங்க அத்தானைக் கூட்டிட்டு வா. எத்தனை அடி தள்ளி நிக்கணும்னு அளந்து சொல்லட்டும், நிக்கிறேன்.”

“சுவர்ல இருந்து கையை எடுங்க.”

எடுத்தார். சாவகாசமாக, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நான் தெருக்கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது மறுபடியும் ஊன்றியிருந்தார்.

அக்கா மெஷினைப் பின்னால், சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டாள். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை அது. ஜன்னல் திரையையும் கழற்றி அங்கே கொண்டுபோய்விட்டாள், முன் அறையில் இனி யார் இருக்கப்போகிறார்கள் என்று. ஊசி விரலில் ஏறி, துணி சுற்றிய கையோடு என் பட்டறைக்கு வந்தாள். அவள் பட்டறைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

“அவன் ஒண்ணும் செய்ய மாட்டான்னு எனக்குத் தெரியும்டா” என்றாள். “ஆனாலும் பயமா இருக்கு. என் வீட்டுல நான் நிமிர்ந்து உக்கார முடியல. எனக்கு ஒரு கேட்டு செஞ்சு குடு. ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. அவன் தலைக்கு மேல இருக்கணும்.”

“அத்தான் விடுவாரா?”

“வீடு என் பேர்ல இருக்கு. நான் சொல்றேன், செய்.”

செய்தேன். இரண்டு கதவு, கனமான தகடு, ஆறடிக்கு மேல் நாலு விரல் கூட. சுவர்ப் பக்கத்துக்கும் இரும்புக் கால் நட்டு அதே உயரத்துக்குத் தகடு அடித்தேன். அத்தான் வேலைக்குப் போன ஒரு காலையில் ஆட்களோடு போய்ப் பழைய கேட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். மத்தியானமே அக்கா மெஷினை ஜன்னலுக்கு இழுத்து வந்துவிட்டாள். அன்று லாரிக்காரர் வந்தார். தகட்டில் ஒருமுறை தட்டினார், காலால் ஒருமுறை உதைத்தார், கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அக்கா சிரித்தாள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

அத்தான் வந்தார். தட்டவில்லை. வெளியே டேப் இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு அது சுருண்டு உள்ளே போகிற சத்தம். அன்று ராத்திரி வழக்கம்போல் சாப்பிட்டுப் படுத்தார். மறுநாள் அலுவலக நேரத்தில், அலுவலக உடையில், பசைக் கிண்ணத்தோடு வந்து என் கேட்டின் நெற்றியில் நோட்டீஸ் ஒட்டினார். வீட்டு உரிமையாளர் என்று அக்கா பெயர். வெட்டிக் குறைக்க வேண்டும் அல்லது அகற்ற வேண்டும், ஆட்சேபணை இருந்தால் விதிவிலக்குக்கு மனு செய்யலாம். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பெண்டாட்டிக்கு நோட்டீஸ் ஒட்டின மனிதரைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள்.

“மனு செய்ய வழி இருக்கு. அதையும் சொல்லியிருக்கேன்ல?” என்றார் அக்காவிடம். நியாயமாக நடந்துகொள்கிறாராம்.

மனு செய்தாள். விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். நீளமான மேசைக்குப் பின்னால் மனுவை விசாரிக்கும் குழுவினர், நடுவில் தலைவியாக ஒரு வயதான அம்மா. பக்கத்து மேசையில் கோப்போடு அத்தான். கடைசி வரிசையில் லாரிக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதும் விதிதானாம்.

“எதுக்கும்மா இவ்வளவு ஒசரம்?” என்று தலைவி கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். பயத்தைச் சொன்னாள். சுவரில் கை ஊன்றுகிறதையும், தீக்குச்சியையும், இருட்டறையில் தைக்கிறதையும், அத்தனை பேருக்கு நடுவில், அந்த ஆளும் கேட்டுக்கொண்டிருக்க, ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டில் தன் புருஷனிடம் அவள் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டாள். தலைவிக்கு மனம் இளகியது முகத்தில் தெரிந்தது. “சட்டத்துல ஏதாவது வழி இருக்கா சார்?” என்று அத்தானைப் பார்த்தார். இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், ‘குழுவின் முடிவுக்கு விடுகிறேன்’ என்று சொல்லியிருந்தால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கும்.

அத்தான் எழுந்தார். கோப்பைப் பிரித்தார். “மனுதாரரின் மனை சமதளம். முனை வீடு அல்ல. நிலத்தின் அமைப்பால் வரக்கூடிய சிரமத்துக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு. மனுதாரர் சொல்வது நிலத்தைப் பற்றியது அல்ல” என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

மனு தள்ளுபடி. பின்வரிசையில் லாரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். அக்கா அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள். வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “மனுதாரராம்” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கட்டரோடு போனேன். அத்தான் வாசலில் தயாராக நின்றிருந்தார். அக்கா வெளியே வந்து, “வெட்டாத. கழட்டு. பழசையே மாட்டிடு” என்றாள். தகடுகளைப் பிரித்தோம், பழைய நாலடிக் கேட்டை மாட்டினோம். புதுக் கேட்டை வண்டியில் ஏற்றப் போனபோது, “ஒரு கதவை உள்ள கொண்டாடா” என்றாள். பிறகு அத்தானிடம் திரும்பினாள்.

“ஏங்க, வீட்டுக்குள்ள கேட்டு வெக்கறதுக்கு ஏதாவது விதி இருக்கா?”

அவர் யோசித்தார். கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. “இல்லியே. நம்ம விதியெல்லாம் முன்பக்க எல்லைக்குத்தான். கட்டடத்துக்கு உள்ள வராது.”

“ஒசரம்?”

“உள்ள ஒசரத்துக்குக் கட்டுப்பாடே கெடையாது. எவ்வளவு வேணா வெச்சுக்கலாம்.”

முன் அறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த வளைவை அக்கா காட்டினாள். அத்தான் முகம் மலர்ந்தது. “அட, இது சரியான யோசனை! பயமா இருந்தா உள்ள ஒரு தடுப்பு. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!” சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். வளைவின் அகலத்தை அவரே அளந்தார். கதவு கொஞ்சம் அகலமாக இருந்தது. எவ்வளவு அறுக்க வேண்டும் என்று சாக்பீஸால் அவரே கோடு போட்டார். நான் அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கீல் அடிக்கச் சுவரில் துளை போட்டபோது பறந்த தூசியைக் கையால் விசிறிவிட்டார். எங்கள் இருவரின் வாழ்க்கையில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை அது. எனக்கு விஷயம் பாதியிலேயே புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம் மச்சான்? ரெண்டு பக்கமும் போட்டுடு” என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். “உள்பக்கம் மட்டும்” என்றாள்.

வேலை முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா தையல் மெஷினை வளைவுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டு, அவருடைய கட்டில் மெத்தையை எடுத்து வந்து முன் அறையில் போட்டாள். தலையணை, போர்வை, அவருடைய சட்டைகள், தண்ணீர் பாட்டில். வெளிக் கழிப்பறையின் சாவியை ஆணியில் மாட்டினாள். சாப்பாட்டுத் தட்டு வைக்க ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். எல்லாவற்றையும் அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டைச் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் வளைவைத் தாண்டி உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுந்தது.

முன் அறையில் நானும் அவரும். ஜன்னலில் திரை இல்லை. வெளியே கார் வந்து நிற்கிற சத்தம். லாரிக்காரர் இறங்கி வந்து, நாலடிச் சுவர்மேல் வழக்கம்போல முழங்கைகளை ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். மெஷின் இருந்த இடத்தில் மெத்தை. மெத்தைக்குப் பக்கத்தில் டேப்போடு நாலடிக்காரர். லாரிக்காரர் வாயிலிருந்த தீக்குச்சியை எடுத்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்தார்.

அத்தான் வளைவில் மாட்டிய கேட்டருகே போனார். குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். அவர் குள்ளம், ஒன்றும் தெரியவில்லை.

“இந்தா, திற” என்றார். தகட்டைத் தட்டினார். “திறன்னு சொல்றேன்ல! அந்தாள் பாக்கறான்!”

உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அது நின்றது.

“மனு எழுதிக் குடுங்க” என்றாள் அக்கா. “பாக்கறேன்.”

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, வர வேண்டும் என்று யாராவது எதிர்பார்த்தால் அது அவர்கள் பாடு. நான் கட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அந்த மனிதர் நிஜமாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.